முருகேஸ்வரி சேகரித்த ரத்தம்

ஆறுமுகநேரி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த அய்யாக்குட்டி, நாற்பத்து மூன்று வயதுவரை யார் மேலும் கை வைத்தவரில்லை. உப்பளத்துக்காரர்கள் பத்து மண்வெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் சிரித்துக்கொண்டே எடுத்து அடுக்குவார். அவர்தான் ஒரு பங்குனி மாதக் காலையில், சாம்பார் ஆறிப்போயிருக்கிறது என்று மனைவி முருகேஸ்வரியின் இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. கை தொங்குவதைப் பார்த்த பிறகும் அவர் உட்கார்ந்து மீதி இட்லியைச் சாப்பிட்டார். வலியைவிட அதுதான் அவளை நடுங்க வைத்தது.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கதவு உடைந்தது, டிவி உடைந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் ரம்யாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்தில் அடங்கிவிடுவார். எதற்காக அடித்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. கை நடுங்கியது, நடை தள்ளாடியது. பஜாரில் எல்லோரும் குடி என்று முடிவு கட்டினார்கள். அவர் குடித்ததே இல்லை.

ஆடி மாதம் கடைக்கு முன்னால் கிடந்த குழாய்களை ஒதுக்கச் சொன்ன ஆட்டோ டிரைவரின் மண்டையில் சுத்தியலை இறக்கினார். டிரைவர் ரத்தத்தோடு சரிந்ததும் பஜாரே திரண்டது. கடையில் தொங்கிய நைலான் கயிற்றையே அறுத்து அவரைக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். அவர் விற்ற குழாயாலேயே அடித்தார்கள். முருகேஸ்வரி ஓடிவந்து அவர்மேல் விழுந்து மறைத்தாள். இரண்டு அடி அவள் தோளில் விழுந்தது. குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று யாரோ காறித் துப்பினார்கள்.

டிரைவருக்குப் பதினொரு தையல். உயிர் பிழைத்துக்கொண்டார். அய்யாக்குட்டிமேல் கொலைமுயற்சி வழக்கு. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் விலா எலும்பு இரண்டு உடைந்து, காலில் விலங்கோடு கிடந்தார். அங்கே வந்த நரம்பியல் டாக்டர் விலாவைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே தானாக நெளிந்துகொண்டிருந்த கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் முருகேஸ்வரி. மாமனார் பனையிலிருந்து விழுந்து செத்தார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்கேனில் மூளையின் சில பகுதிகள் சுருங்கியிருந்தன. ஆனால் தெரிந்த நோய்களுக்கான மரபணுச் சோதனை எதிலும் அவர் அகப்படவில்லை. டாக்டர் பெங்களூரில் உள்ள ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்கு எழுதினார். அங்கிருந்து வந்தவள் ஜெபசுதா. நாசரேத்துக்காரி. குடும்பம் குடும்பமாக வரும் மூளை நோய்களைக் கம்ப்யூட்டரில் ஆராய்கிறவள். ஒருவர் ரத்தத்திலுள்ள மரபணுவை மட்டும் படித்தால் லட்சக்கணக்கான வித்தியாசங்கள் தெரியும், நோய் தருவது எது என்று தெரியாது, நோய் உள்ள சொந்தங்களும் இல்லாத சொந்தங்களும் சேர்ந்து கொடுத்தால்தான் சல்லடை போட முடியும் என்று விளக்கினாள்.

அடுத்த மாதம் நர்ஸ் ஒருத்தியுடன் ஜெபசுதா வீட்டுக்கே வந்தாள். பங்காளிகள் நாலு பேரிடம் ரத்தம் எடுத்து முடித்த நேரத்தில் அய்யாக்குட்டியின் தம்பி பாலகணேஷ் இரும்புக் கம்பியோடு வந்தான். முதல் அடியில் அவர்கள் வந்த கார்க் கண்ணாடி நொறுங்கியது. கண்ணாடித் துண்டு ஜெபசுதாவின் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தக் குப்பிகள் இருந்த பெட்டியை வாசலில் கவிழ்த்து ஒவ்வொன்றாக மிதித்தான். தடுக்கப் போன முருகேஸ்வரியைக் கன்னத்தில் அறைந்தான்.

"எம் மவளுக்கு மாப்ள பாத்துட்டு இருக்கேன் மதினி. பைத்தியக்காரக் குடும்பம்னு ஊரெல்லாம் தண்டோரா போடுதியளா?"

ஜெபசுதா துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இனி அவள் வரமாட்டாள் என்றே முருகேஸ்வரி நினைத்தாள். மறுநாள் காலை அவளிடமிருந்தே போன் வந்தது. இனி தாங்கள் வீட்டுக்கு வரவில்லை, சம்மதிக்கிறவர்களைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றாள் முருகேஸ்வரி. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

வீடு வீடாகப் போனாள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கடைசியில் கடற்கரைச் சாலை பஸ் ஏறி வேம்பாருக்குப் போனாள். அங்கே மாமனாரின் அக்கா சீனித்தாய் இருந்தாள். எழுபத்தெட்டு வயதிலும் தன் கருப்பட்டிக் கடையில் தானே எடை போடுகிறவள். வந்த விஷயத்தைக் கேட்டதும் போய்விடச் சொன்னாள். அப்போது கடைக்குப் பின்னாலிருந்து மிருகம் போல ஓர் அலறலும் தகரம் அடிபடும் சத்தமும் கேட்டன. முருகேஸ்வரி அவளைத் தாண்டி ஓடினாள்.

தகரக் கொட்டகையில் ஐம்பது வயது ஆள் ஒருவன் சங்கிலியில் கிடந்தான். கணுக்காலில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. முகம், தோள், விரல் எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துள்ளின. பெயர் சுடலைக்கண்ணு. சீனித்தாயின் இன்னொரு தம்பி மகன். தாய் தகப்பன் இல்லாதவனை அவள்தான் வளர்த்தாள். பெற்ற பிள்ளைபோல் இருந்தவன் ஒரு நாள் அவள் முன்பற்களை உடைத்தான். அன்றிலிருந்து ஆறு வருஷமாகச் சங்கிலி.

முருகேஸ்வரி தன் கோணல் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். சீனித்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஏளா, ஒம் மாமனார் பனையில இருந்து விழல," என்றாள். "ஊர்க்காரன் ஒருத்தன் பொண்டாட்டிய இவன் கல்லால அடிச்சிட்டான்னு, கட்டிப்போட்டு அடிச்சே கொன்னாங்க. என் தம்பி. விழுந்து செத்தான்னு போலீஸ்ல சொல்லச் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

அன்று அவள் சொல்லச் சொல்ல முருகேஸ்வரி ரம்யாவின் நோட்டில் வம்சத்தை எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் கிணறு, தூக்கு, அடி என்று குறித்துக்கொண்டாள். மூன்று தலைமுறையில் ஏழு பேர். ஒருவர்கூடப் படுக்கையில் சாகவில்லை.

சீனித்தாயும் சுடலைக்கண்ணுவும் ஆம்புலன்சில் தூத்துக்குடிக்கு வந்தார்கள். அந்தச் செய்தி கேட்டுச் சொந்தக்காரர்கள் ஆறு பேர் தாங்களாக வந்து கை நீட்டினார்கள். எட்டு மாதம் கழித்து ஜெபசுதா முடிவைக் கொண்டுவந்தாள். மரபணுவைப் படிக்கும் மெஷின் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கித்தான் படிக்குமாம். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் எந்தத் துண்டு எங்கே சேரும் என்று தெரியாமல் கம்ப்யூட்டர் அதை ஒதுக்கிவிடுமாம். ஒதுக்கியதை மட்டும் பொறுக்கி எண்ணுகிற மாதிரி அவள் குழு ஒரு புரோகிராம் எழுதியது. மற்றவர்களிடம் இருபது தடவைக்குள் நிற்கும் ஓர் எழுத்துக்கூட்டம், அய்யாக்குட்டியிடமும் சுடலைக்கண்ணுவிடமும் நூறைத் தாண்டி ஓடியது. சீனித்தாயிடம் அப்படி நீளவில்லை. அந்த ஆறு பேரிடமும் நீளவில்லை. வேறொரு லேபிலும் அதையே உறுதி செய்திருந்தார்கள்.

இதைத் தீர்க்கும் மருந்து இப்போது இல்லை என்றும், வெறியை அடக்க மாத்திரை உண்டு என்றும் ஜெபசுதா ஒளிக்காமல் சொன்னாள். தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரம்யா கேட்டுக்கொண்டிருந்தாள். 

டாக்டர்களின் அறிக்கையைப் பார்த்த கோர்ட் அய்யாக்குட்டியை ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பியது. மாத்திரை அவர் கையைக் கட்டியது, நோயை நிறுத்தவில்லை. மறு வருஷம் ஐப்பசியில் சோறு தொண்டையில் அடைத்து இறந்தார். முருகேஸ்வரி மடியில்தான் தலை இருந்தது.

அதற்கு நாலு மாதம் கழித்துப் பாலகணேஷ் அதே பஜாரில் தன் பெயிண்ட் கடையில் வைத்து மனைவியை ஸ்குரூடிரைவரால் குத்தினான். கழுத்துக்குக் குறி வைத்தது தோளில் இறங்கியது. அவள் ரோட்டுக்கு ஓடிவந்து விழுந்தாள். துரத்தி வந்தவனை ஆட்கள் மடக்கினார்கள். ஒருவன் உருட்டுக்கட்டை எடுத்தான். இன்னொருவன் கயிற்றுக்கு ஓடினான். இரும்புக்கடையை இப்போது தானே நடத்திவந்த முருகேஸ்வரி, கடையிலிருந்து இறங்கி நடுவில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கட்டாதிய. அடிக்காதிய. எங்க மாமனார அடிச்சே கொன்னுட்டாங்க. ஒங்க கையில இன்னொண்ணு வேண்டாம்."

கட்டை உடனே இறங்கவில்லை. பாலகணேஷின் முதுகில் ஒன்று விழவும் செய்தது. ஆனால் மண்டையில் பதினொரு தையல் வாங்கிய அந்த ஆட்டோ டிரைவரே கட்டையைப் பிடுங்கி எறிந்தார். நாலு பேர் பாலகணேஷைக் கீழே சாய்த்துக் கை காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முருகேஸ்வரி, தன்னை அறைந்தவனின் தலைக்கு அடியில் சேலைத் தலைப்பைச் சுருட்டி வைத்தாள். ஆட்டோவில் மனைவியும், பின்னால் வந்த ஆம்புலன்சில் அவனும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருவரும் பிழைத்தார்கள். அங்கே ரத்தம் எடுக்க வந்த நர்சிடம் அவனே கையை நீட்டினான்.

ரம்யா இன்னும் சோதனை செய்துகொள்ளவில்லை. கேட்கிறவர்களிடம், வேண்டும்போது போவேன் என்கிறாள். முருகேஸ்வரி அதைப் பற்றி அவளிடம் பேச்செடுப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேம்பாருக்குப் போய், சங்கிலி எடுத்த காலோடு மெத்தையில் கிடக்கும் சுடலைக்கண்ணுவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறாள். சில சமயம் அவன் அவளை எட்டி உதைப்பதும் உண்டு.