முகப்பவுடர் விபூதி

கொல்கத்தா பவானிபூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெங்காலி சீரியலுக்குப் படப்பிடிப்பு நடந்தது. பக்கத்து வீட்டு மதராசியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. நான் தமிழன்தானே என்று என்னையே நிற்கச் சொன்னார்கள்.

மேக்கப்காரர் ஒல்லியானவர், மீசை மட்டும் நரைத்திருந்தது. ஒவ்வொரு முகத்தையும் முடித்ததும் ஓரடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். என்னை அப்படிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு முகப்பவுடரைக் குழைத்து என் நெற்றியில் மூன்று பட்டை இழுத்தார்.

"நான் விபூதி பூசுறதே இல்லையே, தாதா" என்றேன் பெங்காலியில். அங்கே அண்ணனுக்குத் தாதா என்பார்கள்.

"டிவி பாக்கறவங்களுக்குத் தெரியணுமே" என்றார். "நான் முஸ்லிம். போன மாசம் ஆள் குறையுதுன்னு என்னைக் கறிக்கடைக்காரரா நிக்க வச்சாங்க. குல்லா, கண்ணுக்கு சுர்மா மை எல்லாம் நானே போட்டுக்கிட்டேன். வீட்ல டிவி பாத்த என் பொண்ணு, 'யாருப்பா இந்த ஆளு?'ன்னு கேட்டா."

"கோபம் வரலையா?"

"யார் மேல, தாதா? மேக்கப் போட்டது நான்தானே."

நடுப்பட்டையை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கினார். அவரிடம் கோபப்படுவதா, அவருக்காக வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தக் காட்சி வந்த அன்று, மாம்பலத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுலதாங்க நீங்க தமிழ்க்காரர் மாதிரியே இருக்கீங்க."

நான் ஓரடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிவியில் என்னைப் பார்த்தேன். அவர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.