துடக்கு மாதத்தில் எண்ணப்பட்ட பிள்ளை

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் பிள்ளைகள் பார்க்கிறேன். முறையான பதிவு உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வைத்திருக்க விடமாட்டார்கள். வேலைக்குப் போகிற தாய் தகப்பனின் பிள்ளைக்கு அரசாங்கம் கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் என்று இலவசமாகக் கொடுக்கிறது. அந்தக் காசு பெற்றோர் கைக்குப் போகாது. கவுன்சில் வழியாக நேரே எனக்கு வரும். என் கணவர் சொல்வார், "உனக்குச் சம்பளம் தாறது மன்னர், வேலை வாங்கிறது ரெண்டு வயசுக்காரி" என்று.

அந்த ரெண்டு வயதுக்காரியின் தாய் அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறாள். பள்ளித் தவணை தொடங்கி இரண்டாம் கிழமை, ஒருநாள் விடிய போன் எடுத்தாள்.

"அக்கா, ஊரிலை மாமா மோசம் போயிட்டார். முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியுமட்டும் பிள்ளையைக் கொண்டு வரேல்லை. நீங்கள் நெடுக சாமிக்கு விளக்கு வைக்கிற வீடு. துடக்கோடை நாங்கள் எப்பிடி வாசல்படி மிதிக்கிறது?"

யாழ்ப்பாணத்தில் செத்தவருக்கு பிளேஸ்டோவில் துடக்கு, சாவுத் தீட்டு. இதில் எனக்கு ஒரு அதிசயமும் தெரியவில்லை. செத்த வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. பிள்ளையை யார் பார்ப்பது என்றும் கேட்கவில்லை. "ஓம் பிள்ளை, ஆறுதலா வாங்கோ" என்றேன்.

ஒவ்வொரு தவணையிலும் கவுன்சில் ஒரு கிழமையைக் குறித்து, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கணக்கெடுத்து, அதன்படிதான் தவணைக் காசு அனுப்பும். அது அந்த மாதத்துக்குள் வந்தது. குடும்பத்தில் மரணம், பிள்ளை திரும்பி வரும் என்று எழுதி அனுப்பினேன். முப்பத்தொன்று முடிந்த மற்ற நாளே பிள்ளையும் வந்துவிட்டது. சுகமாய் வந்து, சுகமாய்ச் சாப்பிட்டு, என் புதுக் கம்பளத்தில் மஞ்சள் மையும் கொட்டிற்று.

பிறகு காசு வந்தது. மூன்று பேரில் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் வந்தது.

கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மரியாதையானவள். நீங்கள் எழுதிய காரணத்தில் பிழையில்லை, ஆனால் அந்தக் கிழமை இந்தப் பிள்ளை இன்னொரு நர்சரியில் நின்றிருக்கிறது, தாய் அங்கே கையெழுத்தும் வைத்திருக்கிறா, இந்தத் தவணைக் காசு முழுக்க அவர்களுக்குத்தான் என்றாள். பிள்ளை இப்போது என் மடியில் இருக்கிறதே என்றேன். அடுத்த தவணையில் மாற்றலாம் என்றாள். மடியில் இருந்தவள் என் காதுத் தோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் தாய் வந்ததும் இருத்திக் கேட்டேன்.

"கடையிலை ஒரு கிழமைதான் லீவு தந்தவை, அக்கா. மெயின் ரோட்டிலை இருக்கிற நர்சரியிலை மிச்ச நாளுக்கு விட்டன். அவை வெள்ளைக்காரர், சாமியறை இல்லை, துடக்குப் படாது எண்டு நினைச்சன். ஒரு பேப்பர் தந்தினம், சைன் வைச்சன். இலவசம் எண்டவை."

"இலவசம் எண்டால் ஆரோ குடுக்கினம்தானே, பிள்ளை."

"உங்கடை காசு எண்டு எனக்குத் தெரியாது." அவள் முகம் வெளுத்துவிட்டது. "கடைசியிலை பார்த்தால் அங்கையும் சுவரிலை பிள்ளையார் படம் ஒட்டியிருக்கினம், அக்கா. ஏதோ தீபாவளிக்காம்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் வரவில்லை. என் சாமிக்கு மரியாதை செய்யப் போய், என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை, முகம் தெரியாத ஒரு நர்சரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையை யார் பார்ப்பது என்று மரியாதைக்காகக் கேட்காமல் விட்டது நான்.

"நான் தாறன், அக்கா. ஷிப்ட் கூட எடுக்கிறன்."

"ஷிப்ட் கூட எடுத்தால் பிள்ளை இஞ்சை கூட நேரம் நிக்கும். அதுக்கு ஆர் தாறது?"

காசு வந்த அன்றே என் கணவர் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார்: "சும்மா வைச்சிருந்தால் மற்ற ரெண்டு பிள்ளையளும்தான் இவவுக்குச் சோறு போடோணும்." அந்த இடத்துக்குப் பிள்ளை விட இன்னொரு தாய் இரண்டு தரம் போன் எடுத்தும் இருந்தாள். வேறு வழியில்லை. காசு எங்கேயோ அங்கேதான் பிள்ளையும் போகவேண்டும் என்று இருவருக்கும் விளங்கிற்று. திங்கட்கிழமையில் இருந்து தவணை முடியும் வரைக்கும் அந்த நர்சரி.

பிள்ளையின் மாற்றுடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். தாய் அதை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வாற தவணைக்கு இவவின்ரை இடத்தை வைச்சிருப்பியளோ, அக்கா?"

வெறும் இடத்துக்குக் கவுன்சில் ஒரு பென்னியும் தராது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"வைச்சிருப்பன்" என்றது என் வாய்.

சமையலறையில் என் கணவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.