அண்ணன் அச்சுக்குக் கொடுக்காத கதை

இறம்பொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அப்பா காலமானபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். அத்தோடு படிப்பை விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலைக்குப் போனார். நான் ஆசிரியையானது அவருடைய உழைப்பில்.

வேலை முடிந்து வந்ததும் கொப்பியில் கதை எழுதுவார். எழுதியதைப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்புவார். பெரும்பாலும் பதிலே வராது. தோட்டத்துப் பேச்சு மற்ற ஊர் வாசகர்களுக்கு விளங்காது என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. இன்னொன்று முடிவை வெட்டிவிட்டுப் பிரசுரித்தது. அதையும் சந்தோஷமாக வாங்கி வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். வெட்டுப்பட்ட முடிவை வாயால் சொல்லி முடித்தார்.

பல வருடங்கள் கழித்து, கொழும்பில் ஒரு பதிப்பாளர் அவருடைய கதைகளை நூலாகப் போட ஒப்புக்கொண்டார். முதல் கதை அம்மாவைப் பற்றியது. எங்கள் அம்மா கொழுந்து பறித்தவர் அல்லர். லயத்து வாசல்களைக் கூட்டி, சாக்கடைக் கான்களையும் கக்கூஸ்களையும் கழுவி எங்களை வளர்த்தவர். அந்தச் சமயத்தில் எனக்கு ஹட்டனில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அம்மா கொழுந்தெடுத்தவர் என்று அவர்களிடம் நான் சொல்லியிருந்தேன்.

“அந்தக் கதை வேணாண்ணே. அவுங்களுக்குத் தெரிஞ்சா என்னய வேணாம்னுருவாங்க” என்றேன்.

“அம்மா செஞ்ச வேலை ஒனக்கு அசிங்கமா இருக்கா?” என்று கேட்டார்.



அந்தக் கதையை நீக்கச் சொல்லி மறுநாளே கடிதம் போட்டார். அது இல்லாமல் நூல் இல்லை என்று பதிப்பாளர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். என் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் ஓடியோடிப் பரிமாறியவரும் அண்ணன்தான். புத்தகம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த அம்மா, அதைப் பார்க்காமலே கண்மூடினார். அதன்பின் அண்ணன் எழுதினார், எங்கும் அனுப்பவில்லை.

சில வருடங்களுக்கு முன் மனம் பொறுக்காமல் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அது கல்யாணத்துக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும். தரகர் சொல்லிட்டாரு” என்றார் அவர். இதை அண்ணனிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நெஞ்சு நோயோடு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்தான் சொன்னேன். “ஒங்க புத்தகத்த நான்தாண்ணே கெடுத்தேன்” என்று அழுதேன்.

“அந்தக் கதையில, வேலை செய்றப்ப அம்மா சிரிக்கிறதா எழுதியிருக்கேன். அது பொய்யி. அந்த வரிய எடுத்துரு” என்றார்.

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. கடைசி நாட்களில் அவரைத் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், முறைவைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், மழையில் பாடை சுமந்த லயத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அந்தக் கதை இந்த நினைவு மலரின் அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. அண்ணன் சொன்ன ஒரு வரியைத் தவிர வேறெதிலும் நான் கை வைக்கவில்லை. அதில் வாளியோடு வரும் பெண் எங்கள் அம்மா.