மடக்கிய கைக்கு ஓர் உறை

பின்னல் துணியைக் கம்ப்யூட்டரிலேயே பின்னிப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. வளையத்துக்குள் வளையமாக நூல் நுழைந்து போகும். இழுத்தால் எந்த வளையம் நீளும், எது நெருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்ட வேண்டும். மருத்துவக் காலுறைகளும் கையுறைகளும் செய்கிற கம்பெனி அது.

"ஒரு பட்டன் தைக்கத் தெரியாது, இவளுக்குப் போய் துணி வேலை" என்று அவள் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணனுக்கு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. ஒருநாள் அடுப்பிலிருந்து இழுத்த தட்டு சரிந்து, வலது கை விரல்களிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வெந்துபோனது. புண் ஆறியபின் தழும்பு தடித்து எழும்பத் தொடங்கியது. அதை அமுக்கிவைக்க இறுக்கமான பின்னல் உறை போடச் சொன்னார் டாக்டர். தங்கையே அளவெடுத்து, தன் கம்பெனியில் பின்னிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் அண்ணி போன் செய்தாள். "உங்கண்ணன் அதைப் போடறதே இல்ல. மாவு டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காரு."

சண்டை போடுகிற வேகத்தில் கிளம்பிப் போனாள்.

"ஏன்ணே இப்படிப் பண்றே?"

"கையத் தொங்கவிட்டா ஒண்ணும் தெரியல. மடக்கினா கடிக்குது. கைய நீட்டிக்கிட்டே நிக்க நான் என்ன கடை பொம்மையா?"

அவள் கணக்கில் இருந்ததும் நீட்டிய கைதான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவனை உட்காரவைத்து, மடக்கச் சொல்லி மறுபடி அளவெடுத்தாள். திரையில் கையை மடக்கியதும், முழங்கையின் உள்மடிப்பில் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்தன. பார்க்கும்போது அவளுக்கே கை வலித்தது.

உள்பக்கம் வரிசைகளைக் குறைத்தாள். வெளிப்பக்கம், சாக்ஸுக்குக் குதிகால் வைப்பது போலக் கூட்டினாள். திரையில் அழகாக மடங்கியது. மெஷினில் போட்டால் நூல் அறுந்தது. ஒரே இடத்தில் அவ்வளவு வளையத்தை ஊசி தாங்கவில்லை. கூட்டியதைப் பரவலாகப் பிரித்துப் போட்டாள். அதன் பிறகுதான் உறை முழுசாக இறங்கியது.

அண்ணன் மாட்டி, மடக்கி நீட்டிப் பார்த்தான். "கலர்தான் சகிக்கல."

"அப்ப கழட்டு."

"கழட்டறேன்னு சொன்னேனா?"

சில மாதங்களில் தழும்பு பெரும்பாலும் அமுங்கிவிட்டது. கம்பெனியில் இப்போது அளவெடுக்க வருகிறவர்களிடம் முதலில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறாள்; கணக்குப் போட அதிக நேரம் பிடிக்கிறது என்று மேலாளர் முணுமுணுக்கிறார். தழும்பு இழுத்து மடங்கிய சுண்டுவிரல் மட்டும் அண்ணனுக்கு இன்னும் நேராகவில்லை. அதை வைத்துக்கொண்டே மாவு பிசைகிறான்.