துரைக்கு ஒண்ணுக்கு வரவில்லை

சேலையூரில் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா வேலை பார்க்கும் பேபிக்கு ஒரு கைராசி உண்டு. எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியையும் கழிப்பறையில் நிறுத்தி, பக்கத்தில் குந்தி ‘உஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுத்தால் போதும், பிள்ளை ஒண்ணுக்குப் போய்விடும். ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, கையில் கிடைத்தால் பேபி அவனை நாலு கேள்வி கேட்பாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு பிள்ளைக்காக அவள் ஏங்காத நாளில்லை.

வீட்டில் இருந்தது துரைதான். வெள்ளைக் கடுவன் பூனை. தண்ணீரைச் சீந்தமாட்டான், பாக்கெட் தீனியும் கருவாடும்தான் உணவு. போன வாரம் மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான், கத்தினான். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டினாள் பேபி. மறுநாள் சுருண்டு படுத்துவிட்டான்.

மூத்திரத்தில் உப்பு மணல்மணலாகப் படிந்து பாதையை அடைத்திருக்கிறது என்றார் கால்நடை டாக்டர். டியூப் போட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து, நேற்று ராத்திரி எடுத்தவர், இன்று காலை பேபியிடம் சொன்னார்:

“இங்க பயத்துல அடக்கிக்கிறான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள தானா போகணும். போகலைன்னா மறுபடி அடைச்சிருக்குன்னு அர்த்தம், உயிருக்கே ஆபத்து. எதுவானாலும் போன் பண்ணுங்க. இனிமே ஈரச் சாப்பாடுதான், நிறைய தண்ணி. கருவாடு கூடவே கூடாது.”

கல் சமாசாரம் என்றதும் பேபியின் புருஷன் ஜெரோம் வாழைத்தண்டு வாங்கிவந்து சாறு பிழிந்தான். துரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மணி நாலானது. மண்தட்டு காய்ந்தே கிடந்தது. பேபிக்குப் பொறுக்கவில்லை. துரையைத் தட்டில் நிறுத்தி, குந்தி, ‘உஸ்ஸ்ஸ்’ என்றாள்.

பூனை பாஷையில் அதற்கு ‘சண்டைக்கு வா’ என்று பொருள். துரையின் காதுகள் பின்னால் மடங்கின. ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கடியில் போய்விட்டான்.

“இன்னா பேபி, அவனாண்ட போயி சீறிக்கினு கீற!” ஜெரோம் சிரித்துவிட்டான்.

“ஊரு புள்ளைங்க எல்லாம் என் சத்தத்துக்குப் போவுது. எனக்குன்னு கீறது ஒண்ணு, அது என்னைப் பாத்து ஓடுது” என்றாள் பேபி. சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கடியில் கையை நீட்டினாள். துரை வரவில்லை. வெகுநேரம் அப்படியே கிடந்தாள். பிறகு விரலில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது.

“போய்ட்டான்! யோவ், போய்ட்டான்யா!”

ஜெரோம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “ஏசப்பா!”

“லூசு, ஒண்ணுக்குய்யா!”

ஈரக்கையோடு போனை எடுத்து டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், யார் பேசுவது என்று கேட்டது.

“துரையோட அம்மா பேசறேன்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

“சரியா கேக்கலைங்க. யாரு?”

இந்த முறை பேபி நிதானமாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்.