பூட்டிய பதினொரு வீடுகள்

தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியதும் கண்ணில் படுகிற மலை. அதன் சரிவில் பதினொரு வீடுகள். அடிவாரத்தில் முதல் வீடு தபீதாளுடையது. மின்சார மீட்டர் உண்டு, வரி ரசீது உண்டு, பட்டா மட்டும் கிடையாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். நோட்டும் கையுமாக யாராவது ஏறி வந்தால் தபீதாள் எவர்சில்வர் தட்டை ஓங்கித் தட்டுவாள். கதவெல்லாம் பூட்டிக்கொள்ளும். சனம் மேலே பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். பூட்டிய வீட்டில் யாரிடம் நோட்டீஸ் நீட்டுவது? இருபது வருஷமாக இது பலித்துவந்ததில் தபீதாளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன தை மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. உச்சியில் வியூ பாயிண்ட் வருகிறதாம். படிக்கட்டு, விளக்கு, விமானம் இறங்குவதைப் பார்க்க ஒரு மேடை.

"வர்றவன் சும்மா போவானா? நம்ம துணி காயிறதக்கூட போட்டோ புடிச்சுகினு போவான்," என்றாள் பக்கத்து வீட்டுச் சரசு.

"புடிச்சா புடிக்கட்டும். கீழ ஒரு சுண்டல் கடை போட்டா இன்னா கெட்டுப்பூடும்?"

தபீதாள் கேன்டீனில் பாத்திரம் தேய்த்தே விரல் தேய்ந்தவள். சொந்தக் கடை என்ற நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனாள். சுவரில் பெரிய வரைபடம். மேலே மேடை இருந்தது, படிக்கட்டு இருந்தது. அவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று போட்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"எங்க வூடுங்கோ எங்க சார்?"

அதிகாரி தாளைப் புரட்டினார். "மூணு தடவை ஆள் அனுப்பினோம்மா. எல்லாமே பூட்டிக் கிடந்தது. குடியிருப்போர் இல்லைன்னு ரிப்போர்ட். குடியிருந்தாதானே மாற்று வீடு, கடை எல்லாம்?"

கூட்டமே அவளைத் திரும்பிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நான்தான் சார் தட்டு தட்டி அல்லாரையும் ஓட வெச்சேன். இடிக்க வந்துகீறாங்கன்னு நெனச்சுட்டேன்."

புதன்கிழமை கடைசியாக ஒருமுறை ஆள் வரும் என்றார் அவர்.

தபீதாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். புதன்கிழமை ஒரு கதவும் பூட்டக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். சரசு சத்தியமே செய்தாள்.

புதனன்று கணக்கெடுக்கிற பெண் ஜீவிதா வந்தாள். தபீதாள் வாசலிலேயே நின்று தன் பெயரையும் புருஷன் ஞானையா பெயரையும் சொல்லி, எழுதியதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

சரசு வீடு பூட்டியிருந்தது. அடுத்ததும் பூட்டு. அதற்கடுத்ததும்.

"இது சரசு வூடும்மா. நாலு பேரு. இது கங்கையம்மாளுது. எழுதிக்கோம்மா."

"ஆளைப் பார்த்தாதான் எழுத முடியும்க்கா."

பாறைக்கு மேலே நாலைந்து தலைகள் தெரிந்தன. தபீதாள் தொண்டை கிழியக் கத்தினாள். "சரசு! எறங்கி வாடி! உன் வூட்டாண்ட வந்து நில்லுடி!"

தலைகள் இன்னும் கீழே குனிந்தன. ஓடி ஒளிய அவர்களைப் பழக்கியவள் அவள்தான்; அதை மறக்கடிக்க இப்போது அவளிடம் ஒரு காலைப்பொழுதுகூட இல்லை. ஜீவிதா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.