ஏற்காட்டுச் சரிவில் ஒற்றைக் கண்ணோடு: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சைக்கிள் பயணம்

காஞ்சிபுரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஊரில் மேடே கிடையாது. திருப்புட்குழி ஏரிக்கரை, பாலாற்று மணல், ஏனாத்தூர் தாண்டி வயல்வெளி என்று நான் இதுவரை இங்கே எழுதிய பாதைகள் எல்லாம் தட்டையானவை. எங்களுக்கு மலை என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் இந்த முறை நிஜமான மலைக்கே போய்வந்தோம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் மேல்பகுதிக் காட்டில், மலைச் சைக்கிளுக்கென்றே வெட்டிய இறக்கப் பாதை ஒன்று இருக்கிறது. ஃப்ளோ டிரெயில் என்கிறார்கள். கல், வேர் எல்லாம் நீக்கி, மண்ணை அலை அலையாக மேடு பள்ளமாக்கி, திருப்பங்களில் வெளிப்பக்கம் கரை உயர்த்தி வைத்திருப்பார்கள். பெடலை மிதிக்கவே வேண்டாம். சைக்கிளை விட்டால் பாதையே நம்மைக் கொண்டுபோகும்.

போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் குமரவேல் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். எனக்கு மலைச் சைக்கிள் பழக்கிவிட்டதே அவர்தான். இரண்டு வருடங்களுக்கு முன் ஏரிக்கரையில் வேகமாக வரும்போது, சாய்ந்து கிடந்த சீமைக்கருவேலங் கிளை அவர் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. சில மாதங்களில் தறியில் உட்கார்ந்துவிட்டார். நூல் அவர் கைக்குப் பழகியது. சைக்கிளை மட்டும் தொடவில்லை. ஒரு கண் போனால் தூரம் பிடிபடாது. செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். இடது பக்கம் வரும் ஆட்டோ, வந்து உரசிய பிறகுதான் தெரியும்.

மார்கழியில் ஒருநாள் கைப்பேசியில் இந்த ஏற்காட்டுப் பாதையின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமாங்க?" என்றேன்.

"இன்னாத்துக்கு? நீ ஓட்டறத வேடிக்கை பாக்கவா?"

"நீங்களும் ஓட்டத்தான்."

"ஒரு கண்ண வச்சிக்கினு மலையில உருளச் சொல்றியா?"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் கழித்து அவராகவே, "அங்க ஹெல்மெட்லாம் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கண் மருத்துவரிடம் போனோம். அவர் ஒரே நிபந்தனைதான் சொன்னார்: இருக்கிற கண்ணைக் காப்பாற்றுங்கள், உடையாத கண்ணாடி போடாமல் சைக்கிளில் ஏறக் கூடாது.

பொங்கல் முடிந்த மறுவாரம் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிந்தது. புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்து ஏற்ற ஆள் வந்து வேலை முடிக்கும் வரை நெசவாளிக்குக் கையில் வேலை இருக்காது. அந்த இடைவெளியில் கிளம்பினோம். எங்கள் பழைய ஆம்னி வேனை நான்தான் ஓட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு செய்யாறு, திருவண்ணாமலை, அரூர் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு. கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். செங்கத்தில் பூரி சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து மதியம் ஒரு மணிக்கு அறைக்குப் போய்விட்டோம். அறை வாடகை ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். வெந்நீர் உண்டு, போர்வை மட்டும் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே தோட்டத்துக்குப் போனோம். பாதையை வெட்டிப் பராமரிக்கிறவர் பிரிட்டோ. முப்பது வயதிருக்கும். எல்லாம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், குமரவேலின் முகத்தைக் கவனித்ததும் நிறுத்தினார்.

"அண்ணா, அந்தக் கண்ணு?"

"தெரியாதுபா. இது ஒண்ணுதான்."

பிரிட்டோ என்னைப் பார்த்தார். அப்புறம் அவரையே பார்த்துச் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. இங்க திருப்பம் அடுத்தடுத்து வருங்க. கண்ணு ரெண்டும் இருக்கறவங்களே உளுந்து வாரறாங்க. அக்கா வேணா ஓட்டட்டும். உங்கள நான் உட மாட்டேனுங்க."

நான் வாதாடத் தயாரானேன். குமரவேல் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "நடந்து பாக்கலாமா? நடக்கறதுக்கு ஒரு கண்ணு போதும்ல?" என்றார்.

அப்படித்தான் அந்தப் பாதையை முதலில் நாங்கள் கால்நடையாகப் பார்த்தோம். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே அடர்ந்த காடு. மரங்களின் உடம்பெல்லாம் பாசி. நடுப்பகல் கழிந்தும் தரையில் ஈரம். நடுப்பகுதியில் நெட்டை நெட்டையாகச் சவுக்கு போல நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், கீழே சிவந்த பழங்களோடு காப்பிச் செடிகள். இவற்றுக்கு நடுவே செம்மண் பாதை வழுவழுவென்று வளைந்து இறங்குகிறது. ஒரு மேட்டிலும் ஒரு கல்கூட இல்லை. திருப்பக் கரைகளைக் கையால் தட்டித் தட்டி மெழுகியதுபோல இறுக்கியிருந்தார்கள்.

குமரவேல் ஒவ்வொரு திருப்பத்திலும் குந்தி உட்கார்ந்தார். சைக்கிளில் இருப்பதுபோலக் கையை நீட்டி, கழுத்தை இடது தோள் வரை திருப்பிப் பார்த்தார். சில இடங்களில் மேலே ஏறிப்போய் மறுபடி நடந்து வந்தார். பின்னால் சும்மா வந்துகொண்டிருந்த பிரிட்டோவுக்குத் தன் பாதையை ஒருவர் இத்தனை கவனமாகப் பார்ப்பது பிடித்துவிட்டது போல. எந்த மழையில் எந்தக் கரை சரிந்தது, காட்டெருது மிதித்து எத்தனை மேடுகளைத் திரும்பக் கட்டினார் என்று கதை கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். அடிவாரம் வந்ததும் அவரே சொன்னார்: "காலைல ஏழு மணிக்கு வாங்கண்ணா. மேல சின்னதா ஒரு பழகற வட்டம் இருக்குதுங்க. அதுல ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை அந்த வட்டத்தில் குமரவேல் சைக்கிளில் ஏறினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. பிரிட்டோ அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, சத்தமில்லாமல் கையைத் தூக்கினார். "அண்ணா, எத்தன வெரலு?" முதல் சுற்றில் குமரவேல் அவர் நிற்பதையே பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் கழுத்தை நன்றாகத் திருப்பி, "மூணு!" என்றார். நாலாவது சுற்றில், "கைய மூடிக்கினு ஏமாத்தறியா?" என்று கேட்டார். பிரிட்டோ சிரித்துவிட்டார். "சரிங்க. அக்கா முன்னால, நீங்க நடுவுல, நான் பின்னால. இப்ப வேற யாரும் வர்ல."

முதல் இறக்கத்தை நான் எதையும் பார்க்காமல் முடித்தேன். "லெஃப்ட்! ரைட்! மேடு!" என்று வழியெல்லாம் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. கீழே வந்ததும் குமரவேல் ஹெல்மெட்டைக் கழற்றி, "மஞ்சு, எனக்கு உன் சக்கரம் போதும். வாய் வேணாம்" என்றார். முகம் பூராவும் செம்மண். அதற்குள் இருந்த சிரிப்பை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

ஜீப்பில் சைக்கிளை ஏற்றி மேலே கொண்டுவந்து விடுகிறார்கள். இரண்டாவது முறை இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. சில்வர் ஓக் பகுதியில் மர நிழல்கள் பாதைக்குக் குறுக்கே கோடு கோடாக விழுந்து கிடந்தன. நான் கடந்துவிட்டேன். பின்னால் தடால் என்று ஒரு சத்தம். அப்புறம் பிரிட்டோவின் குரல்: "அண்ணா!"

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினேன். இடது திருப்பத்தின் கரையில் முகம் கவிழ்ந்து கிடந்தார். புரட்டி, கண்ணாடியில் அப்பிய மண்ணைத் துடைத்து, "தெரியுதா? என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"உன் மூக்குல சேறு தெரியுது."

முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரிட்டோ வெளிறிப்போய், "போதுங்கண்ணா, எறங்கிடலாம்" என்றார். குமரவேல் எழுந்து உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெழலப்பா. நெழல மேடுன்னு நெனச்சி முன்சக்கரத்தத் தூக்கிட்டேன். மேடே இல்ல அங்க. வெயில் வர்றதுக்கு முன்னால வந்தா எல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கும். நாளைக்குக் காலையில வர்றேன்."

மறுநாள் விடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். எனக்கு அப்போதே கிளம்பிவிட வேண்டும்போல இருந்தது. மாலையில் ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லியே விட்டேன். "எனக்கு பயமா இருக்குதுங்க. அந்த ஒரு கண்ணுக்கும் எதனா ஆச்சுன்னா?"

அவர் டீயை முடித்துவிட்டுச் சொன்னார். "எனக்கும்தான் பயம். ரெண்டு வருசமா டெய்லி பயந்துக்கினேதான் ரோட்டத் தாண்டறேன். அங்க யாரும் எனக்கு ஹெல்மெட் குடுக்கல மஞ்சு. இங்க எதிர்ல எவனும் வரமாட்டான், ஹாரன் அடிக்க மாட்டான். பாதைய நடந்து பாத்துட்டேன். உளுந்தது எதுனாலன்னும் தெரிஞ்சிடுச்சி. இப்பத் திரும்பிப் போனா, அப்புறம் எப்பவும் ஏற மாட்டேன்."

அறையை இன்னொரு நாளுக்கு நீட்டினோம்.

மூன்றாம் நாள் காலை காட்டுக்குள் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மரங்கள் மங்கல். ஆனால் அவர் சொன்னது சரி: நிழல் என்று எதுவுமே இல்லை. மண் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் ஈரமாகக் கிடந்தது. விழுந்த திருப்பத்தில் நின்றுகொள்வதாகச் சொல்லி பிரிட்டோ முன்பே இறங்கிப் போய்விட்டார். நான் வழக்கம்போல முன்னால் போய் நிற்க, குமரவேல் என்னை ஓரம்கட்டி வந்தார்.

"நான் முன்னால போறேன். நீ மெதுவா வா."

பிரேக்கை விட்டார். முதல் மேடு, இரண்டாவது மேடு, ஒரு வலது திருப்பம். பனி அவரை மூடிக்கொண்டது. சக்கரத்தின் கிர்ரென்ற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கொஞ்சம் பொறுத்து நானும் இறங்கினேன். இரண்டு வருடமாக எந்தத் தெருவில் போனாலும் என் கவனம் முழுக்க அவருடைய இடது பக்கத்தில்தான். இப்போது பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. எனக்கும் அந்தப் பாதைக்கும் நடுவே யாரும் இல்லை. மேட்டில் ஏறும்போது உடம்பு எடையற்றுப் போகிறது. இறங்கும்போது பெடலோடு சேர்த்து யாரோ மண்ணுக்குள் அழுத்துவதுபோல இருக்கிறது. கரையில் சாய்ந்தால் சைக்கிள் தரையோடு படுத்துக்கொண்டு திரும்பி, தானாகவே நிமிர்கிறது. அது முடிவதற்குள் அடுத்தது. பனியிலிருந்து காப்பிப் பழங்கள் சிவப்புச் சிவப்பாக வந்து போயின. ஈர மண் வாசனை. எங்கோ ஒரு பறவை மனுஷன் விசிலடிப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தது பாதி வழியில்தான் எனக்கே தெரிந்தது. அந்தத் திருப்பத்தில் நின்றிருந்த பிரிட்டோ இரண்டு கையையும் தூக்கி, "அண்ணா எப்பவோ போய்ட்டாருக்கா!" என்று கத்தினார். நான் நிற்கவில்லை.

கீழே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து ஜீப் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார் குமரவேல். "இன்னா, இவ்ளோ நேரம் பண்ணிட்ட?" என்றார். வெயில் ஏறும் வரை அன்று மேலும் நான்கு முறை இறங்கினோம். ஒவ்வொரு முறையும் அவர்தான் முன்னால். கடைசி முறை பிரிட்டோவும் சேர்ந்துகொண்டார். அவரைக்கூட முந்தவிடவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜீப்போடு சேர்த்து அரை நாளுக்கு ஆளுக்கு 900 ரூபாய். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள், முகம் மறைக்கும் ஹெல்மெட், முட்டிக் காப்பு எல்லாம் சேர்த்து வாடகை 1,200. ஊர் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் கொண்டுபோனவை வேனிலேயே தூங்கின. பட்டையான அடியுள்ள ஷூ போதும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் மண் நல்ல பதத்தில் இருக்கும். கண்ணாடியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள், பனி படிந்தால் நின்று துடைத்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, பாதையை ஒருமுறை முழுக்க நடந்து பார்த்து, வெயிலுக்கு முன் ஓட்டி முடித்துவிடுங்கள். அந்தத் தோட்டத்துக்காரர்கள் மறைக்காமல் கேட்பார்கள். நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. யார் முன்னால், யார் பின்னால் என்று முதல் முறை எப்படி வேண்டுமானாலும் போங்கள். கடைசியில் ஒரு முறையாவது, கீழே பார்க்கலாம் என்று சொல்லி, கூட வந்தவரை முன்னால் அனுப்பிவிடுங்கள். சக்கரச் சத்தம் முழுக்க அடங்கட்டும். அப்புறம் பிரேக்கை விடுங்கள்.